ஈரச்சாக்கில் வந்த உருமி

சுருளியம்மாளிடம் பதினோரு வாளிகள் இருந்தன. எல்லாம் நீல நிறம், எல்லாம் மூடி போட்டவை, எல்லாம் புதியவை. ஐப்பசி வெள்ளத்தில் வண்டிப்பெரியாற்றுக்குக் கீழே ஆற்றோரம் பதினாறு வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற தொழிலாளர் லயம் இடிந்து, குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, நிவாரணம் கொடுக்க வந்த ஒவ்வொரு கூட்டமும் வீட்டுக்கொரு வாளி கொடுத்தது. வாளிக்குள் ஒரு குவளை, ஒரு சோப்பு, ஒரு துண்டு. படம் எடுப்பதற்காக வாளியை மார்போடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அவளும் பதினோரு முறை அணைத்துப் பிடித்தாள். கடைசிப் படத்தில் மட்டும் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். கொடுத்தவர் "வேற என்னம்மா வேணும்?" என்று கேட்க, அவள் "உருமி" என்றாள். அவர் "அதுவும் வாளிக்குள்ளயே இருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

உருமி வாளிக்குள் இருக்காது. அது இடை சிறுத்த மேளம். தோளில் மாட்டிக்கொண்டு, வலப்பக்கத் தோலை மெல்லிய குச்சியால் தட்ட வேண்டும். இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் விஷயம். வயிற்றுக்குள்ளிருந்து கிளம்புவதுபோல் ஒரு உறுமல் வரும். அதைக் கேட்டபின் கால் சும்மா இருந்தால் அந்தக் கால் வேறு யாருடையதோ.

சுருளியம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. அதே எஸ்டேட்டில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்கப் போனாள். முழங்கால் வலி வந்தபின் பன்னிரண்டு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் வேலை. பறித்து வரும் பச்சைக் கொழுந்தை நீளமான கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, கீழேயிருந்து பெரிய விசிறியால் வெதுவெதுப்பான காற்றை ஊதி வாட்டுவார்கள். எந்தத் தட்டில் காற்று முரடு, எதில் சாது என்று அவள் உள்ளங்கைக்குத் தெரியும். புருஷன் சின்னமுத்து தோட்டத்தில் மருந்தடிப்பவர். மற்ற நேரத்தில் தவில்காரர், ஆறு பேர் கொண்ட நையாண்டி மேளத்தின் தலைவர்.

அவள் உருமிக்காரி ஆனது ஒரு புதன்கிழமை. மறுநாள் கல்யாணம். குழுவின் உருமிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறிவிட்டான். சின்னமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். உருமிக்குக் கயிறு இழுப்பது, தோல் காயவைப்பது, குச்சிக்கு எண்ணெய் போடுவது எல்லாம் எட்டு வருடமாகச் செய்தவள் அவள்தான். தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க அவள் தேய்த்துப் பார்ப்பதும் உண்டு. அந்தத் 'தேய்த்துப் பார்ப்பது' ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் நீண்டதை வீட்டில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மறுநாள் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உருமியைத் தோளில் மாட்டினாள். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் குறைசொல்கிறார்கள்.

அது பதினோரு வருடத்துக்கு முன். அதற்குப்பின் கல்யாணம், சடங்கு, சாவு, தொழிற்சங்க ஊர்வலம், தேவாலயத் திருவிழாவின் சப்பரம் என்று அவள் உருமி போகாத இடமில்லை. ஒரே ஒரு இடம் தவிர. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் மட்டும் பொம்பளை உருமியைத் தொட்டால் ஆத்தாளுக்கு ஆகாதாம். மாரியாத்தாளும் பொம்பளைதான் என்பது கமிட்டியில் யாருக்கும் நினைவில்லை. திருவிழாவுக்கென்று கம்பம் ஊரிலிருந்து ஒரு உருமிக்காரரை வண்டி வைத்துக் கூட்டிவந்தார்கள். அவர் முதல் உறுமல் போட்டதும் கமிட்டிச் செயலாளர் சீனிராஜுக்கு அருள் வரும். வருடா வருடம் தவறாது. ஐம்பத்தெட்டு வயது ஆள், தோட்டத்துச் சூப்பர்வைசர், தலையைச் சிலுப்பி, நாக்கைத் துருத்தி, நாலு பேர் பிடித்தாலும் நிற்காமல் ஆடுவார். ஊரின் வருங்காலத்தைச் சொல்வார். வெள்ளம் வரும் என்று மட்டும் அவர் சொன்னதில்லை.

வெள்ளம் வந்தது விடியற்காலை, எல்லோரும் பெரட்டுக்களத்துக்கு வேலைப் பதிவுக்குக் கிளம்பும் நேரம். அவள் அடுப்பைத் தூக்கினாள், மகளின் சான்றிதழ்களைத் தூக்கினாள், பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாளின் முட்டைக்கோழியைத் தூக்கினாள். உருமி சுவரில் ஆக உயரமான ஆணியில் தொங்கியது. தண்ணீர் அவ்வளவு உயரம் வராது என்று விட்டுவிட்டாள். தண்ணீர் அவ்வளவு உயரம் வரவில்லைதான். சுவர் கீழே இறங்கிவிட்டது.

கணக்கெடுக்க வந்தவர்களின் தாளில் ஆட்டுக்குக் கட்டம் இருந்தது, கோழிக்குக் கட்டம் இருந்தது, தையல் மிஷினுக்கு இருந்தது. மேளத்துக்கு இல்லை. "இது அலங்காரப் பொருளில் வருமா?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். உழைத்துச் சோறு தரும் கருவி, அதை வைத்திருப்பவன் கையைப் பொறுத்து அலங்காரமாகிவிடுகிறது. இந்த நாட்டில் தோலைத் தொட்டவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். அதே தோலின் சத்தமில்லாமல் ஒரு கல்யாணம் நடத்தியதில்லை, ஒரு பிணம் எடுத்ததில்லை. தோலுக்குத் தீட்டாம், சத்தத்துக்கு இல்லையாம். மேளம் கேட்டபின் காதைக் கழுவிக்கொண்ட ஒரு ஆசாரக்காரனையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு செய்தி வந்தது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் வாத்தியத்தை இழந்தவர்களுக்கு வாத்தியமே கொண்டுவந்து கொடுக்கும் ஒரு சங்கம் அங்கே இருக்கிறது. சும்மா கிடக்கும் மேளங்களை ஊர் ஊராகக் கேட்டு வாங்கி, பழுது பார்த்து, மலையேற்றுகிறார்கள். வண்டி கார்த்திகை மாதம் வருகிறது. இரண்டு நிபந்தனை. ஒன்று, இவர் கலைஞர்தான் என்று பஞ்சாயத்திலோ கோயில் கமிட்டியிலோ ஒரு கடிதம். இரண்டு, வந்திருப்பவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. போன தடவை ஒரு ஆள் "நான் தவில்காரன்" என்று அழுது ஒரு தவில் வாங்கிப் போனான். ஆறு மாதம் கழித்து அந்தத் தவில் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பறையில், மேலே கண்ணாடிப் பலகையோடு, காபிக் கோப்பை வைக்கும் மேஜையாக உட்கார்ந்திருந்தது.

சுருளியம்மாள் முதலில் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் கணினியைப் பார்த்தார். "சேச்சி தோட்டம் தொழிலாளியல்லே? பின்னே எங்கனெ கலாகாரியாகும்?" என்று, தோட்டத் தொழிலாளி எப்படிக் கலைஞராவாள் என மலையாளத்தில் கேட்டார். தொழில் என்ற இடத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது, அது நிரம்பிவிட்டது. அவள் அடுத்து சீனிராஜிடம் போனாள். அவர் பெரட்டுக்களத்துத் திண்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு கடுதாசி வேணும்."

"எதுக்கு?"

"நான் உருமி அடிக்கிறவள்னு."

"எங்க அடிச்ச?"

"எங்க அடிக்கல? உங்க மக சடங்குக்கே நான்தான அடிச்சேன். நீங்க தலப்பாய அவுத்துச் சுத்திக்கிட்டு ஆடுனீக."

"அது வீட்டு விசேஷம். நம்ம கோயில்ல அடிச்சிருக்கியா?"

"நீங்கதான் விடலையே."

"அப்ப அடிக்கல." சீனிராஜ் வெற்றிலையைத் துப்பினார். "சின்னமுத்து அடிச்சிருக்கான், அவனுக்குக் குடுத்தேன். மத்த நாலு பேரும் அடிச்சிருக்கானுக, குடுத்தேன். நீ அடிக்கல. அடிக்காதவள அடிச்சான்னு எழுதச் சொல்றியா? ஆத்தா முன்னாடி பொய் எழுதலாமா தாயி?"

அவள் எஸ்டேட் தற்காலிகமாகக் கொடுத்திருந்த வீட்டுக்கு வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். செபமாலையம்மாள் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னான்?"

"நான் பொய்யாம்."

"அன்னைக்கு என் கோழிய நீ காப்பாத்துனதுக்கு எங்க சாமியார்ட்ட வேணா கடுதாசி வாங்கித் தரவா?" என்றாள் செபமாலையம்மாள். "'மேற்படியாள் கோழி தூக்குவதில் வல்லவர்'னு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது சுருளியம்மாளின் கை மடியில் வைத்திருந்த வாளி மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மூடி கீச்சென்றது. உருமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வண்டி போய்விட்டால் அடுத்த வண்டிக்கு அடுத்த வெள்ளம் வர வேண்டும். அதுவரை குழு நிற்காது. கம்பத்துக்காரரைக் கூட்டிக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சின்னமுத்து வாய் திறந்து அவளிடம் சொல்லவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வண்டி வந்தது ஒரு சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு. தூறல். மூடுபனி பெரட்டுக்களத்தில் இறங்கி, தொழிற்சாலையின் கீழ்ப்பாதியை மறைத்திருந்தது. மேல்மாடி ஜன்னல்கள் மட்டும் அந்தரத்தில் தெரிந்தன. பனிக்குள்ளிருந்து ஒரு சரக்கு வேன் முனகிக்கொண்டு ஏறிவந்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓட்டுநர் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெரியவர் குதித்தார். அறுபது வயது ஆள் இறங்க வேண்டிய இடத்தில் குதித்தார்.

மோகனசுந்தரம். அந்த வாத்தியச் சங்கத்தை நடத்துபவர், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்புக்காரர். அவருக்கு சங்கீதம் கொஞ்சமும் தெரியாது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினால் அவர் தட்டுவது மட்டும் தனியாகக் கேட்கும். 2018 வெள்ளத்தின்போது அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மலைமேல் சித்திரபுரம் வரை போனவர். அங்கே ஒரு தவில்காரர் அரிசியை வாங்கி வைத்துவிட்டு, "அய்யா, அரிசிய நாலு வண்டி கொண்டாந்துட்டாக. தவிலு எந்த வண்டியில வருது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஊருக்குத் திரும்பியதிலிருந்து அவர் வீடு வீடாகப் போய் மேளம் கேட்கிறார். மேளத்தைத் தோளில் தூக்கிவந்ததற்காகச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து போனார். மோகனசுந்தரம் தன் ஜிலேபியைத் தின்று முடித்து, அந்த இலையிலிருந்த ஜிலேபியையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

கூடவே மகள் ஜீவிதா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையில் அட்டை, அட்டையில் படிவம்.

"ஏனுங்க, சின்னமுத்துங்கறது யாருங்க?" என்று மோகனசுந்தரம் கூப்பிட்டுக்கொண்டே வேனின் பின்கதவைத் திறந்தார். "ஒண்ணும் கவலப்படாதீங்க. பச்சப்புள்ளையாட்டக் கொண்டாந்திருக்கறனுங்க."

உள்ளே வரிசையாகச் சாக்கு மூட்டைகள். சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சின்னமுத்து ஒரு மூட்டையைத் தொட்டார். கையை எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார். அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இலவசமாகக் கொண்டுவந்தவரிடம் எப்படிச் சொல்வது.

கடிதம் வைத்திருந்தவர்கள் முதலில். சின்னமுத்து தவிலை மாட்டிக்கொண்டு ஒரு அடி அடித்தார். 'தொப்' என்றது, ஈர மண்ணில் தேங்காய் விழுந்ததுபோல. மோகனசுந்தரம் தலையாட்டி ரசித்தார். ஜீவிதா கடிதத்தைப் பார்த்தாள், படிவத்தில் குறித்துக்கொண்டாள். பம்பைக்காரர் அடித்தார், 'தொப்'. கடிதம் சரி. இன்னொரு தவில், 'தொப்'. கடிதம் சரி. நாதஸ்வரக்காரர் மட்டும் நன்றாக ஊதினார். மரத்துக்கு ஈரம் அவ்வளவு பெரிய விஷயமில்லை.

"சுருளியம்மாள், உருமி," என்று ஜீவிதா படித்தாள். "கடுதாசி எங்கீங்க?"

"இல்ல டீச்சர்."

"கடுதாசி இல்லாட்டி வாசிச்சுக் காட்டறதுதானுங்க ஒரே சாட்சி," என்றாள் ஜீவிதா. அவள் குரலில் வருத்தம் இருந்தது. "நல்லா வாசிங்க. அது போதும்."

திண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த சீனிராஜ் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

சுருளியம்மாள் உருமியைத் தோளில் மாட்டினாள். அழகான உருமி. பலாமரம். இடைப்பகுதியில் பித்தளைப் பூண். ஒரு மாதமாகக் காலியாயிருந்த தோள் அந்தக் கனத்தைத் தெரிந்துகொண்டது. வளைந்த குச்சியை இடப்பக்கத் தோலில் அழுத்தித் தேய்த்தாள்.

சத்தமே வரவில்லை. குச்சி ஊறவைத்த அப்பளத்தின்மேல் வழுக்குவதுபோல் வழுக்கியது. மறுபடி தேய்த்தாள். ஈரச் செருப்பு தரையில் இழுபடும் சத்தம் வந்தது. வலப்பக்கம் தட்டினாள். 'தொப்'.

சீனிராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். "பாத்தீகளா? நான் சொல்லல? ஆத்தாளுக்கே புடிக்கல."

மற்றவர்களின் 'தொப்'புக்குக் கடிதம் இருந்தது. அவளுடைய 'தொப்' அநாதை.

சுருளியம்மாளுக்குக் காது மடல் சூடானது. ஆனால் அவள் விரல் தோலின்மேல் இருந்தது. தோல் ஏதோ சொன்னது. அவள் நிமிர்ந்தாள்.

"அய்யா, இத எதுல சுத்திக் கொண்டாந்தீக?"

"சாக்குலதானுங்க," என்றார் மோகனசுந்தரம் பெருமையாக. "ஈரச்சாக்கு. எங்கூர்ல இப்பத்திக்கு அடிக்கிற காத்துக்கு ஈரத்துணிய அரமணி நேரம் கொடியில போட்டா விறைச்சுப் போயிருமுங்க. தோலு மேளம் ஒண்ணு போன வருசம் நடுவால வெடிச்சே போச்சு. அதான் தென்னம்புள்ளைக்குச் சுத்தறாப்புல சாக்க நனைச்சுச் சுத்திப் போட்டனுங்க. பொள்ளாச்சில ஒருக்கா, பழனில ஒருக்கா, கம்பத்துல ஒருக்கா, மூணு எடத்துல எறங்கித் தண்ணி தெளிச்சேன்."

எல்லோர் பார்வையும் சொட்டிக்கொண்டிருந்த சாக்குகளுக்குப் போனது.

"இங்கயும் தெளிக்கலாம்னுதானுங்க வாளி இருக்குதான்னு கேக்க நெனச்சேன்," என்றார்.

"வாளி பதினொண்ணு இருக்கு," என்றாள் செபமாலையம்மாள்.

முதலில் சிரித்தது சின்னமுத்து. ஒரு மாதமாகச் சிரிக்காத மனுஷன் தவிலை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார். பம்பைக்காரர் அவர் முதுகில் சாய்ந்து சிரித்தார். ஜீவிதா நெற்றியைத் தடவினாள். "ஏனுங்கப்பா, நான் பழனிலயே சொன்னனுங்க."

"ஒரு மணி நேரம் குடுங்க டீச்சர்," என்றாள் சுருளியம்மாள். "ஒரே ஒரு மணி நேரம். நான் வேல பாக்குற எடத்துக்கு வாங்க."

தொழிற்சாலை மேல்மாடிக்குப் போகும் படியில் டீ மேக்கர் ரிஜின் கையை விரித்து வழிமறித்தார். தேயிலையின் ருசிக்கும் மணத்துக்கும் பொறுப்பானவர் அவர். மூக்கால் பிழைப்பவர்.

"சேச்சி, இது நடக்காது. தோலோட மணம் தேயிலைக்குப் பிடிச்சா ஏலத்துல என்னப் பிடிச்சு வாட்டுவாங்க."

"ஏழாம் தட்டு காலி சார். மழையில கொழுந்து வரத்து இல்ல. ஏழாம் தட்டுக் காத்து மேற்கு ஜன்னல் வழியா நேரா வெளிய போகும், மத்த தட்டுப் பக்கம் திரும்பாது. நான் இன்னைக்குக் காலையிலகூடப் பாத்தேன்."

ரிஜின் யோசித்தார். அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். மாடியில் எது எங்கே ஊதுகிறது என்பதில் பொறியாளர் சொன்னதைவிட இவள் சொன்னதை நம்பிப் பல வருடம் ஆகிவிட்டது.

"உள்ள வர்றவங்க எல்லாரும் தலையில வலைத்தொப்பி போடணும்," என்றார் கடைசியில். "காலுக்கு உறை. அதுல மாற்றமில்லை."

அப்படியாக, கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புக்காரர் தலையில் வெள்ளை வலைத்தொப்பியும் காலில் பிளாஸ்டிக் உறையும் மாட்டி, கையில் உருமியோடு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். "மேளத்துக்கும் தொப்பி உண்டுங்களா?" என்று கேட்டார். ரிஜின் சிரிக்காமல் ஒரு தொப்பியை எடுத்து உருமியின் வலப்பக்கத் தோலுக்கு மாட்டிவிட்டார்.

ஏழாம் தட்டில் மேளங்களை வரிசையாகப் படுக்க வைத்தாள் சுருளியம்மாள். உருமியை நடுவில் வைக்கவில்லை. தட்டின் நடுவில் காற்று முரடு, தோல் ஒரேயடியாக இழுத்துக் கிழியும். ஓரத்தில், மூன்றாவது கம்பிக்கு மேலே, சாதுவான இடத்தில் வைத்தாள். விசிறியை ஓடவிட்டாள். வெதுவெதுப்பான காற்று எழும்பியது.

காலி தட்டில் காற்று ஓடுகிறது என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ. பத்தாவது நிமிடம் செபமாலையம்மாள் தேவாலயப் பாடகர் குழுவின் கஞ்சிராவைக் கொண்டுவந்தாள். "இதுக்கும் வயிறு சரியில்ல" என்று உருமிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காலுறைகளைக் கொண்டுவந்தாள். ஒரு மாதமாக எதுவும் முழுசாகக் காயாத ஊர். இரண்டு முறம் மிளகாய் வற்றல் வந்தது. அதை மட்டும் ரிஜின் மூக்கைப் பிடித்துக்கொண்டு திருப்பி அனுப்பினார். தவில், பம்பை, உருமி, கஞ்சிரா, பதினெட்டுக் காலுறைகள், ஒரு தலையணை என்று ஏழாம் தட்டு அன்று வாட்டியதைத் தேயிலை வாரியக்காரர்கள் யாரும் பார்க்காதது நல்லதாயிற்று.

சுருளியம்மாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தோலை விரலால் சுண்டினாள். உருமியைத் திருப்பிப் போட்டாள். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். மறுபடி சுண்டினாள். மோகனசுந்தரம் ஒவ்வொரு சுண்டலுக்கும் "ஆச்சுங்களா அம்மிணி?" என்றார்.

"இன்னும் தூங்குது."

"இப்ப?"

"கண்ண முழிச்சிருச்சு. பல்லு வெளக்கல."

ஜீவிதா சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐம்பது நிமிடம். இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும். ஐம்பத்தைந்து. சுருளியம்மாள் சுண்டினாள். தோல் 'டிண்' என்றது. அவள் தோள் தானாக நிமிர்ந்தது. உருமியை மாட்டினாள். வளைந்த குச்சியின் நுனியில் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு. இடப்பக்கத் தோலில் வைத்து, அழுத்தி, ஒரு இழுப்பு.

உறுமல் எழுந்தது. அது விசிறியின் இரைச்சலுக்கு அடியில் புகுந்து, தகரக் கூரையில் முட்டி, கம்பிவலை முழுவதும் அதிர்ந்து, காலுறைகளைக்கூட நடுங்கவைத்தது. இரண்டாவது இழுப்புக்கு ஆறாம் தட்டில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் கையில் கொழுந்தோடு திரும்பினார்கள். மூன்றாவதுக்கு ஒருத்தியின் இடுப்பு நகர்ந்தது. சின்னமுத்து காய்ந்த தவிலைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். அப்புறம் யாரையும் யாரும் கேட்கவில்லை. வலைத்தொப்பி போட்ட பதினைந்து பேர் தட்டுகளுக்கு நடுவில் ஆடினார்கள். மோகனசுந்தரம் கால் உறை வழுக்கியதால் பாதி ஆட்டமும் பாதி விழுகையுமாக ஆடினார். ரிஜின் "கொழுந்து, கொழுந்து" என்று கத்திக்கொண்டே தோளைக் குலுக்கினார்.

அப்போது கீழேயிருந்து ஒரு அலறல்.

சீனிராஜ் இன்னும் போகவில்லை. தோற்றுப்போய் அவள் இறங்கிவருவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திண்டில் காத்திருந்தார். மூடுபனி இதற்குள் ஏறி மேல்மாடியையும் மறைத்திருந்தது. ஆனால் உறுமல் மேற்கு ஜன்னல் வழியாக நேராக இறங்கி அவர் காதில் விழுந்தது. உடம்பு பதினைந்து வருடப் பழக்கத்தை மறக்குமா. தலை சிலுப்பியது. நாக்கு துருத்தியது. டம்ளர் ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். பெரட்டுக்களத்தின் நடுவில் சீனிராஜ் ஆடிக்கொண்டிருந்தார்.

ஆட்கள் ஓடிவந்தார்கள். வேப்பிலை இல்லை. யாரோ ஒரு கொத்துத் தேயிலைக் கொழுந்தைக் கையில் திணித்தார்கள். அருள் வந்தவரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது முறை. செபமாலையம்மாள் ஞானஸ்நானம் பெற்றவள்தான், ஆனால் ஊர் முறை தெரிந்தவள். படியிறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"யாரு வந்திருக்க?"

"மாரியாத்தா வந்திருக்கேண்டி."

"என்ன வேணும் ஆத்தா?"

"உருமி!" சீனிராஜ் கொழுந்துக் கொத்தை உதறினார். "நிப்பாட்டக் கூடாது. உருமிய நிப்பாட்டக் கூடாது. மனசு குளுந்து போச்சு."

"நல்லாக் கேக்குதா ஆத்தா?"

"இம்புட்டு நாளு இப்படி ஒரு உருமி நான் கேட்டதில்லடி."

செபமாலையம்மாள் மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "ஏ சுருளி, ஆத்தா உன்னைய நிப்பாட்டக் கூடாதுங்குறா."

அந்த நேரம் பார்த்துக் காற்றில் பனி கலைந்தது. மேல்மாடி ஜன்னலில் சுருளியம்மாள் நின்றாள். தலையில் வலைத்தொப்பி, தோளில் உருமி, குச்சி ஓடிக்கொண்டிருந்தது. சீனிராஜ் அண்ணாந்து பார்த்தார்.

அருள் இறங்குவதற்குத் திருநீறு போட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அன்று ஒரு முகத்தைப் பார்த்ததே போதுமாயிருந்தது. துருத்திய நாக்கு உள்ளே போயிற்று. சீனிராஜ் தன் கையிலிருந்த கொழுந்தைப் பார்த்தார், சுற்றி நின்ற அறுபது பேரைப் பார்த்தார், துண்டைத் தேடினார்.

ஜீவிதா அட்டையோடு இறங்கிவந்தாள். கணக்கு டீச்சருக்கு விடை கண்ணெதிரில் இருந்தது. "ஏனுங்கண்ணா, வந்தது மாரியம்மன்தானுங்களே?"

சீனிராஜ் வாயைத் திறந்தார். இல்லை என்றால் பதினைந்து வருட ஆட்டமும் போய்விடும். ஆமாம் என்றால் ஆத்தாளே சான்றிதழ் கொடுத்துவிட்டாள் என்றாகிவிடும். மூன்றாவது பதில் ஒன்று எங்காவது இருக்கிறதா என்று அவர் கண் மலை, தொழிற்சாலை, வேன் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வந்தது. இல்லை.

"ஆமா," என்றார்.

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. செயலாளர்னு கீழ எழுதிக்கங்க."

போட்டார். சுருளியம்மாள் உருமியோடு கீழே வந்தபோது அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தாயி, கடுதாசி குடுத்துட்டேன். இதச் சாக்கா வச்சுத் திருவிழாவுக்குக் கோயில்ல வந்து அடிக்கிறேன்னு கேட்டுறாத."

சுருளியம்மாள் உருமியின் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்தாள். "சத்தியமா நான் அத நெனக்கலண்ணே," என்றாள். "நீங்க சொல்லித்தான் ஞாபகம் வருது. பங்குனிலதான திருவிழா?"

சீனிராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். "கம்பத்துக்காரர் ஆத்தாளுக்கு இம்புட்டு ரசிக்கலையாமே அண்ணே" என்று செபமாலையம்மாள் அவர் முதுகுக்குச் சொன்னாள். அவர் திரும்பவில்லை. நடை மட்டும் வேகமானது.

வேன் கிளம்ப வேண்டிய நேரம். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. தேயிலை கொடுக்கலாமென்றால் ரிஜின் ஏற்கெனவே ஒரு பொட்டலம் திணித்துவிட்டார். சுருளியம்மாள் வீட்டுக்கு ஓடினாள். கையில் அடுக்கிய வாளிகளோடு வந்தாள்.

"அய்யா, தென்னம்புள்ளைக்குத் தண்ணி ஊத்த ஆகும்."

"பதினொண்ணுமாங்க அம்மிணி?"

"பத்துதான். ஒண்ணு நான் வச்சுக்கிட்டேன், குளிக்க வேணாமா? ஆனா ஒரு வார்த்த. அடுத்த தடவ மேளம் கொண்டாரப்ப அதுல தண்ணி எடுக்கக் கூடாது."

மோகனசுந்தரம் தலையிலடித்துச் சத்தியம் செய்தார். வலைத்தொப்பி இன்னும் அவர் தலையில் இருந்தது. யாரும் சொல்லவில்லை. ஜீவிதாகூடச் சொல்லவில்லை. சாக்குகள் கிடந்த இடத்தில் வாளிகளைப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். வேன் குமுளி ரோட்டை நோக்கித் திரும்பியது.

முதல் வளைவில் வாளிகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன. அடுத்த வளைவில் மறுபடி. பள்ளத்தில் ஒன்று, மேட்டில் இரண்டு, இடையில் காரணமில்லாமல் ஒன்று. தாளம் என்று சொல்வதற்கு அதில் எதுவுமில்லை. சின்னமுத்து காதைப் பொத்திக்கொண்டார். சுருளியம்மாள் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்று, பனிக்குள் போய்க்கொண்டிருந்த அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அடுத்த கடகடப்பு எப்போது வரும் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. குச்சியைத் தோலில் வைத்துக் காத்திருந்தாள். வந்தது. உடனே ஒரு இழுப்பு இழுத்து, அதன் பின்னாலேயே உருமியை ஓடவிட்டாள்.